நெருப்பு மலையேறக் கூடாது

காட்டிலாகாவில் புதிதாக வாச்சர் வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கு,

உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர் யாரென்று தெரியாது. அவருக்கும் என்னைத் தெரியாது என்பது மட்டும் நிச்சயம். மழைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியபோதுகூட வாத்தியார் என்னை வெளியே விரட்டிவிட்டார். அவ்வளவுதான் என் படிப்பு. நான் சொல்லச் சொல்ல என் மருமகன் எழுதுகிறார். நான் 'ஊடு' என்றால் அவர் 'வீடு' என்று எழுதுகிறார். ஊடு நான் கட்டியது, வீடு அவர் கட்டியது. படிக்கிறவர்கள் எதில் வேண்டுமானாலும் குடியிருந்துகொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் பரமத்தி வேலூர்ப் பக்கம். வெற்றிலைக் கொடிக்காலில் இலை கிள்ளப் போனேன், ஏணியோடு விழுந்தேன். விழுந்ததற்குத் திட்டவில்லை, கொடியைப் பிடித்துக்கொண்டு விழுந்ததற்குத்தான் திட்டினார்கள். பிறகு வண்டி ஓட்டப் போனேன். நான் 'ஹேய்' என்றால் மற்றவர் மாடு முன்னால் போகும், என் மாடு பின்னால் போகும். இப்படி ஒவ்வொரு வேலையாகத் துரத்திவிட்டபிறகு மிச்சமிருந்தது என் தொண்டை ஒன்றுதான். அந்தத் தொண்டைக்குக் காட்டிலாகாவில் வேலை கிடைத்தது.

ராசிபுரத்துக்குக் கிழக்கே ஒரு கரடு, அதாவது சின்ன மலை. அதைச் சுற்றி ரிசர்வ் காடு. கரட்டின் இடுப்பில் ஒரே ஒரு வண்டித்தடம் ஏறி, உச்சியில் ஒரு கணவாயைத் தாண்டி, அந்தப் பக்கத்து ஊருக்கு இறங்கும். தடம் காட்டுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு எல்லைக் கல், கல்லுக்கு உள்ளே என் குடிசை, குடிசை வாசலில் மூங்கில் கேட், கேட்டில் ஒரு சட்டப் பலகை. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. அதனால் பலகையில் இருப்பதைக் கத்திச் சொல்வதற்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கும் படிக்கத் தெரியாது என்பதை வேலைக்கு எடுத்தபிறகுதான் கண்டுபிடித்தார்கள்.

ரேஞ்சர் ஒரு காலையில் பலகையைப் படித்துக் காட்டினார். நான் மனப்பாடம் செய்துகொண்டேன். வண்டியோ குதிரையோ தடத்தை விட்டு இறங்கக் கூடாது. மிருகத்தை வண்டியால் துரத்தக் கூடாது. ஹாரன் அடிக்கக் கூடாது. பொழுது விழுந்தபிறகு உள்ளே இருக்கக் கூடாது. கடைசி சட்டம் மட்டும் நீளமாக இருந்தது: 'வேனிற்காலத்தில் எவ்விதமான நெருப்பையும் மலைமேல் கொண்டு செல்லலாகாது.' இதை அப்படியே கத்தினால் பாதியில் மூச்சு நின்றுவிடும். அதனால் நானே செதுக்கி, 'நெருப்பு மலையேறக் கூடாது' என்று ஆக்கிக்கொண்டேன். என் வாழ்நாளில் மூளையைப் பயன்படுத்திச் செய்த முதல் காரியம் அது. அதன் பலனைத்தான் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம். சட்டம் ஆளைப் பார்க்காது என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அதற்கு உதாரணமாக என்னையே காட்டியிருப்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரேஞ்சரையே தடுத்து நிறுத்தினேன் என்று ஒரு கதை உலவுகிறது. நடந்தது வாஸ்தவம். குதிரைமேல் ஒருவர், தடத்தை விட்டு இறங்கிப் புல்லுக்குள் வந்துகொண்டிருந்தார். பங்குனியில் அந்தப் புல்லுக்குள்தான் மான் குட்டி போட்டுப் படுக்க வைத்திருக்கும். குட்டி எழுந்து ஓடாது, மூச்சுகூட விடாமல் படுத்திருக்கும். குளம்புக்கும் சக்கரத்துக்கும் அது தெரியாது. நான் ஓடிப்போய்க் கடிவாளத்தைப் பிடித்தேன்.

"எறங்குங்க! தடத்துக்கு நடத்திக்கிட்டுப் போங்க!"

"நான் யாருன்னு தெரியுதாய்யா?" என்றார்.

"நீங்க யாரா வேணா இருங்க. சட்டம் குதுரைக்குத்தானுங்க."

அவர் இறங்கி, குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு தடத்துக்கு நடந்தார். தடத்தில் நின்று தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தபோதுதான் முகம் தெரிந்தது. ரேஞ்சர்! எனக்குப் பலகையைப் படித்துக் காட்டிய அதே மனிதர். அன்று தொப்பி இல்லாமல் பார்த்திருந்தேன். தொப்பி போட்டதால் அடையாளம் தெரியவில்லை. அடையாளம் தெரிந்திருந்தால் புல்லை வெட்டித் தடம் போட்டுக் கொடுத்திருப்பேன். ஆகவே தம்பிகளே, தைரியம் இல்லாதவர்கள் ஆள் முகத்தைப் பார்க்காதீர்கள். குதிரையின் காலை மட்டும் பாருங்கள். வேலை சரியாக நடக்கும்.

இனி நெருப்புக்கு வருகிறேன்.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பெட்ரோல் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது. பஸ்ஸும் லாரியும் கரியில் ஓடின. நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வண்டியின் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு உருளை நிற்கும். அதில் அடுப்புக்கரியைக் கொட்டி, நெருப்பு வைத்து, துருத்தியைச் சுற்றினால், அதிலிருந்து வரும் புகையில் இன்ஜின் ஓடும். சட்டம் எழுதியவர் சுருட்டையும் தீப்பந்தத்தையும் நினைத்து எழுதியிருந்தார். அடுப்பே சக்கரம் கட்டிக்கொண்டு வரும் என்று அவர் கண்டாரா?

பங்குனி மாதம் ஒரு காலையில் அப்படி ஒரு லாரி என் கேட்டுக்கு முன்னால் வந்து இருமிக்கொண்டு நின்றது. ஓட்டி வந்தவர் சங்ககிரிக்காரர்; முகத்தில் கரி, பல் மட்டும் வெள்ளை. பின்னால் பட்டும் பூவுமாக ஒரு கல்யாணக் கூட்டம், நடுவில் மாப்பிள்ளை. டிரைவருக்குப் பக்கத்தில் வெள்ளைத் தலைப்பாகையோடு ஒரு பெரியவர். அவர்தான் அருமைக்காரர். எங்கள் பக்கத்துக் கவுண்டர் ஊட்டுக் கல்யாணத்தில் சீர் ஒவ்வொன்றையும் அருமைக்காரர் கையால் செய்ய வேண்டும். அவர் வந்து சேராவிட்டால் தாலி தட்டிலேயே இருக்கும். பெண் வீடு கரட்டுக்கு அந்தப் பக்கம். முகூர்த்தம் உச்சிக்கு முந்தி. கரட்டைச் சுற்றிக்கொண்டு போனால் சாயங்காலம் ஆகிவிடும்.

நான் லாரியைச் சுற்றி வந்தேன். பின்னால் அந்த உருளையின் அடிவாயில் கங்கு செக்கச்செவேலென்று தெரிந்தது. நேராக அருமைக்காரர் முன்னால் போய் நின்று, சம்பளம் வாங்குகிற குரலில் கத்தினேன்.

"நெருப்பு மலையேறக் கூடாதுங்க!"

பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஏஞ்சாமி, நீ நல்லா இருக்கோணும். இதயேதான் நானும் வெடியால இருந்து இந்த டிரைவருகிட்டச் சொல்லிக்கிட்டு வாரேன். மலையேறவே கூடாது."

இவ்வளவு பெரிய மனிதர் சட்டத்துக்கு இப்படிக் கட்டுப்படுகிறாரே என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"ஏறுனா வம்பாப் போயிருமுங்க."

"குடும்பமே வெளங்காது சாமி."

"காடே போயிருமுங்க!"

"காடு மட்டுமா சாமி? காடு, தோட்டம், மாடு, கன்னு அத்தனையும் போயிரும்."

"அப்பச் சரிங்க, திருப்பிக்குங்க" என்றேன். கேட்டுக்கு வெளியே தடம் குறுகல், இரண்டு பக்கமும் பள்ளம். லாரியைத் திருப்ப வேண்டுமானால் கேட்டுக்கு உள்ளே இருக்கிற வெட்டவெளிக்கு வந்துதான் திருப்ப வேண்டும். அதற்காகக் கேட்டைத் தூக்கினேன். இன்ஜின் சத்தத்தில் 'திருப்பிக்குங்க' யார் காதிலும் விழவில்லை. கேட்டைத் தூக்கியது மட்டும் எல்லோர் கண்ணிலும் பட்டது. பெரியவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். லாரி வெட்டவெளியைத் தாண்டி, நேராக மலையேறிவிட்டது.

தம்பிகளே, உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. நல்ல நாளில் விளக்கு அணைந்துவிட்டது என்று நாம் சொல்வதுண்டா? மலையேறிவிட்டது என்போம். அன்று விடியற்காலையில் மாப்பிள்ளை வீட்டு விளக்கிலிருந்துதான் அந்த லாரிக்கு நெருப்பு வைத்திருந்தார்கள். அருமைக்காரரின் ஏற்பாடு அது. பெண்ணோடு திரும்பி வருகிறவரைக்கும் அந்த நெருப்பு மலையேறக் கூடாது, அதாவது அணையக் கூடாது, என்பது அவர் கட்டளை. நெருப்பு மலைமேல் ஏறக் கூடாது என்பது என் கட்டளை. வார்த்தை ஒன்றே. நான் தடுத்ததாக நினைத்தேன், அவர் வாழ்த்து வாங்கியதாக நினைத்தார். அவர் காதில் விழுந்த 'காடு'கூட அவருடைய சோளக்காடுதான்.

நான் பின்னால் ஓடினேன். "மலையேறக் கூடாது! மலையேறக் கூடாது!"

பெரியவர் தலையை வெளியே நீட்டினார். "ஏறாது சாமி! நீ கவலப்படாத! ஏப்பா, அந்தச் சாமி அப்புடி மெனக்கெட்டு ஓடியாருது பாரு. இன்னும் நல்லாத் துருத்தியச் சுத்துங்கடா!"

நான் கத்தக் கத்த அவர்கள் துருத்தியைச் சுற்றினார்கள். சுற்றச் சுற்றப் பொறி பறந்தது. பொறி பறக்கப் பறக்க நான் இன்னும் கத்தினேன். அந்தக் காட்டில் அன்று தீ வைக்க உழைத்ததில் என் தொண்டைக்கும் நல்ல பங்கு உண்டு.

கரிப்புகைக்கு ஏற்றத்தில் ஏது பலம்? முதல் வளைவிலேயே லாரி நின்றுவிட்டது. டிரைவர் குதித்து, உருளையின் அடிக்கதவைத் திறந்து, கம்பியால் குத்தினார். உள்ளிருந்து ஒரு கை அளவு கங்கு சரிந்து, தடத்தோரத்துப் புல்லில் விழுந்தது. பங்குனிப் புல். 'சொர்ர்' என்று ஒரு சத்தம். நான் போய்ச் சேர்வதற்குள் ஒரு பாய் அகலத்துக்குத் தீ பிடித்துக்கொண்டது.

நான் செய்த முதல் காரியத்தைக் கேளுங்கள். கையில் கிடைத்த குச்சியால் தீயை அடித்தேன். அது காய்ந்த குச்சி. இப்போது தீ இரண்டு இடத்தில் எரிந்தது. ஒன்று புல்லில், ஒன்று என் கையில். கூட்டத்துக்காரர்கள் தீயின் நடுவில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தீயோ ஓரமாக மேல்நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு மேலே ஆளுயரப் புல். புல்லுக்குள் எங்கேயாவது மூச்சு விடாமல் ஒரு குட்டி படுத்திருக்கும். தீ வந்தாலும் அது எழுந்து ஓடாது.

அந்த நினைப்பு வந்ததும்தான் எனக்குப் புத்தி வந்தது. லாரியில் பெரிய பானை நிறைய மோர் இருந்தது, வழியில் குடிப்பதற்கு. வேட்டியை அவிழ்த்து அதில் முக்கினேன். "நடுவுல அடிக்காதீங்க! ஓரத்துல இருந்து உள்ள தள்ளி அடிங்க!" என்று கத்திக்கொண்டே ஒரு பக்கம் நான் அடித்தேன், மறுபக்கம் டிரைவர் ஈரச் சாக்கால் அடித்தார். பட்டுவேட்டி கட்டிய மாப்பிள்ளையும் துண்டை முக்கிக்கொண்டு இறங்கிவிட்டான். தீ குறுகிக் குறுகி, கடைசியில் புளித்த மோர் வாசனையோடு அடங்கியது.

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். கல்யாணக் கூட்டத்துக்கு நடுவில் நான் கோவணத்தோடு நின்றுகொண்டிருந்தேன். கையில் இருந்தது வேட்டி இல்லை, கரிந்த ஓட்டைகளைச் சுற்றிக் கொஞ்சம் துணி.

"மலையேறக் கூடாதுன்னு தலபாடா அடிச்சுக்கிட்டனே, ஏனுங்க ஏத்துனீங்க?" என்று அழுகிற குரலில் கேட்டேன்.

"எங்க சாமி ஏறுச்சு? பாரு, உள்ள நல்லாத்தான் எரியுது" என்றார் பெரியவர்.

ஒருவரை ஒருவர் பார்த்து முழித்தோம். டிரைவர்தான் முதலில் சிரித்தார். "ஏனுங்க, ரெண்டு பேரும் ஒரே வார்த்தயப் புடிச்சுக்கிட்டு ஆளுக்கொரு பக்கம் இழுக்கறீங்க. வாச்சரு மேல போகக் கூடாதுங்கறாரு. நீங்க அணையக் கூடாதுங்கறீங்க."

இதை நன்றாக நினைவில் வையுங்கள். எதிரில் நிற்கிறவர் தலையை ஆட்டினால் கேட்டைத் தூக்கிவிடாதீர்கள். 'உங்களுக்கு என்ன புரிஞ்சுதுங்க?' என்று கேளுங்கள். அவர் வாயால் திருப்பிச் சொல்லட்டும். உடனே 'ஆமாம்' சொல்கிறவரிடம் இரண்டு முறை கேளுங்கள்.

புரிந்தபிறகுதான் உண்மையான சிக்கல் வந்தது. பெரியவர் பிடிவாதமாகச் சொன்னார்: "ஊட்டு வெளக்குல ஏத்துன நெருப்பு. கல்யாணத்துக்குப் போற வழியில அத அணைச்சுப்போட்டு நான் சீரு செய்ய மாட்டேன்." நானும் சொன்னேன்: "நெருப்போட இதுக்கு மேல ஒரு அடி உட மாட்டேனுங்க." கணவாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து மேளச் சத்தம் கேட்டது. பெண் வீட்டில் தயாராகிவிட்டார்கள். மாப்பிள்ளை பொழுதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவன் கண்ணில் தண்ணீர் புகையால் வந்ததா என்று எனக்குத் தெரியாது. அவன் கல்யாணம் என் மூங்கில் கழியில் தொங்கிக்கொண்டிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. என்மேல்தான். கோபத்தில் நக்கலாகச் சொன்னேன்: "அப்ப ஒண்ணு பண்ணுங்க. நெருப்பு இங்கயே இருக்கட்டும், நீங்க மட்டும் கல்யாணத்துக்குப் போயிட்டு வாங்க!"

யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"நீ பாத்துக்குவியா சாமி?"

"எதையுங்க?"

"நெருப்பத்தான். நாங்க பொண்ணோட திரும்பி வாரவரைக்கும்."

நக்கலுக்குச் சொன்னது யோசனையாகிவிட்டது. நான் சொன்ன ஒரே நல்ல யோசனை, அதுவும் நான் சொல்ல நினைக்காதது. டிரைவர் உருளைக்குள் ஒரு கங்குகூட மிச்சமில்லாமல் இரும்பு வாளியில் வழித்தார். மேலே ஒரு தகரத்தை மூடினார். கேட்டில் அனுமதிக்காகக் காத்துக்கொண்டிருந்த இரண்டு விறகு வண்டிக்காரர்களைக் கூப்பிட்டு, மாடுகளை அவிழ்த்து லாரிக்கு முன்னால் கட்டினோம். உற்சாகத்தில் நான் 'ஹேய்!' என்றேன். இரண்டு சோடியும் ஒன்றாகப் பின்னால் வந்தன. டிரைவர் காலில் லாரி ஏறப் பார்த்தது.

"சாமி, நெருப்பத் தூக்கிக்கிட்டு நீ போ. வாயத் தொறக்காத" என்றார் பெரியவர்.

மாடுகள் இழுக்க, கூட்டம் தள்ள, லாரி கணவாயைப் பார்த்து ஏறியது. அதற்கப்புறம் ஊர்வரைக்கும் இறக்கம்தான். நான் வாளியோடு கேட்டுக்கு நடந்தேன்.

குடிசை வாசலில் மூன்று கல்லை வைத்து, கங்கைக் கொட்டி, விறகு வைத்து, சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு காவல் உட்கார்ந்தேன். காட்டுக்குக் காவல் இருந்தவன் நெருப்புக்கும் காவல். உச்சிப்பொழுது தாண்டியபோது குதிரைச் சத்தம் கேட்டது. ரேஞ்சர், தடத்தோடுதான் வந்தார். அவர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

"என்னாய்யா இது, பங்குனி மாசத்துல அடுப்ப மூட்டிக்கினு உக்காந்திருக்கிற? என்னா சமையலு?"

"சமையல் இல்லீங்க. விருந்தாளிங்க."

"யாரு?"

"நெருப்புங்க."

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கருகிய வேட்டியைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், வளைவு வரைக்கும் போய்க் கருகிய புல்லையும் பார்த்துவிட்டு வந்தார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். வந்தவர் எல்லைக் கல்லைக் காட்டி, "உன் அடுப்பு கல்லுக்கு எந்தாண்டய்யா இருக்கு?" என்றார்.

"உள்பக்கமுங்க."

"அப்போ நெருப்பு மலையேறிடுச்சுய்யா!"

எனக்கு உயிரே போய்விட்டது. பாய்ந்து அடுப்பில் குனிந்து ஊதினேன். "இல்லீங்க! நல்லாத்தான் எரியுதுங்க!"

குதிரை மிரளும்படி ரேஞ்சர் சிரித்தார். "எல்லய தாண்டி உள்ள வந்துடுச்சுன்னு சொன்னேன்யா. வெளிய கொண்டு போய் வை. நாளையிலருந்து 'நெருப்போட உள்ள வராதே'ன்னு கத்து. வேற எதுவும் நீயா செதுக்காதே."

அவர் குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் அடுப்பை வாளியில் அள்ளிக் கல்லுக்கு வெளியே மாற்றினேன். கருகிய புல்லுக்குத் தண்டனை உண்டா என்று நான் கேட்கவில்லை. "வேட்டி போச்சில்ல?" என்றார் அவராகவே. "அது போதும்."

பொழுது சாய்வதற்கு முன்னால் மேலே குலவைச் சத்தம் கேட்டது. அந்தப் பக்கத்து ஏற்றத்தில் மாடுகள் இழுத்துவிட, கணவாயிலிருந்து லாரி தானாக இறங்கி வந்தது. இன்ஜின் இல்லை, புகை இல்லை, சத்தம் இல்லை. சக்கரம் மட்டும் மண்ணை அரைக்கிற மெல்லிய ஓசை. தடத்தோரத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஒரு பெண்மான் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் மேய்ந்தது. நான் அந்தக் கேட்டில் நின்ற காலமெல்லாம் பார்த்த வண்டிகளில் அத்தனை சட்டத்துக்கும் ஒழுங்காகக் கட்டுப்பட்டது ஓடாத அந்த லாரி ஒன்றுதான்.

கேட்டைத் தாண்டி, கல்லைத் தாண்டி, அடுப்புக்குப் பக்கத்தில் லாரி வந்து நின்றது. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் மஞ்சள் கயிற்றோடு பெண். அருமைக்காரர் மெதுவாக இறங்கி, கையில் ஒரு புது வேட்டியோடு என்னிடம் வந்தார். சாக்கோடு எழுந்து நின்றேன்.

"மலையேறலியே சாமி?" என்றார்.

"ரெண்டு வகையிலயும் ஏறலீங்க" என்றேன்.